மூட்டம் போட்ட மாசங்களுக்கு ஒரு வாட்டர்கலர் நாட்குறிப்பு

டிசம்பர் 4, கார்த்திகை 19

கோயமுத்தூரில் நாலு நாளாக வெயிலே இல்லை. இப்படி மூட்டம் நீளும்போது படம் வரைகிறவர்கள் ஒவ்வொருவராகப் பிரஷைக் கீழே வைத்துவிடுகிறார்கள். கை வரவில்லை, மனசு ஓடவில்லை என்பார்கள். பாதி நேரம் குறை தாளில்தான். ஈரம் ஏறி ஏறி, தாள்மேல் இருக்கும் சைசிங் என்கிற பசைப்பூச்சு கெட்டுவிடும். வண்ணம் திட்டுத் திட்டாக உள்ளே இறங்கிவிடும். ஓரத்தில் ஒரு சொட்டுத் தண்ணீர் விட்டுப் பாருங்க. முத்தாக நின்றால் நல்ல தாள். விட்டதும் உறிஞ்சிக் கருத்தால் அதைப் பென்சிலுக்கும் கரிக்கும் ஒதுக்கிவிடலாம். நல்ல தாள் இறுக்கமான மூடி போட்ட டப்பாவுக்குள் இருக்கட்டும், கூடவே ஈரம் உறிஞ்சும் சிலிக்கா ஜெல் மணிகள். ஆரஞ்சு மணிகள் பச்சையானால் 120 டிகிரி ஓவனில் 2 மணி நேரம் காயவைத்துத் திரும்பப் போடலாம்.

டிசம்பர் 9, கார்த்திகை 24

பெரிய தாள் இந்த மாசத்துக்கு வேண்டாம். 300 ஜிஎஸ்எம் (சதுர மீட்டருக்கு 300 கிராம் எடை) பருத்தித் தாளில் ஏ4 ஒன்றை நாலாக வெட்டினால் போதும். துண்டுக்கு 20 நிமிஷம். ராத்திரியே தாளை அட்டையில் ஒட்டி, தண்ணீர் டம்ளரையும் பிரஷையும் மேசையில் வைத்துவிடுங்க. ஊதக்காத்தில் எழுந்து ஒவ்வொன்றாகத் தேடினால் அன்றைய படம் அதோடு போச்சு.

டிசம்பர் 13, கார்த்திகை 28

வண்ணம் காய்வது பற்றி. ஈரக்காற்றில் ஒரு பூச்சு காய அரைமணிகூட ஆகும். புறங்கையைத் தாளில் வைத்தால் சில்லென்றிருக்கும் வரை உள்ளே ஈரம் இருக்கிறது. அதற்குள் தண்ணீர் கூடிய அடுத்த பூச்சைப் போட்டால், காலிபிளவர் மாதிரி விளிம்பு பூத்துவிடும். ஹேர் டிரையர், மினுமினுப்பு அடங்கிய பிறகு, ஒரு அடி தள்ளி. முன்னாடியே ஊதினால் வண்ணம் குளமாக நகரும்.

டிசம்பர் 21, மார்கழி 6

வருஷத்திலேயே குறுகிய பகல் இன்று, நம்ம ஊரில் ஏறக்குறைய பதினொன்றரை மணி நேரம். ஆனால் பொழுது மிகத் தாமதமாகக் கிளம்புவது ஜனவரிக் கடைசியில்தான். காலை வெளிச்சம் சீக்கிரம் திரும்பும் என்று நம்பிக் காத்திருக்க வேண்டாம். சிஆர்ஐ, அதாவது நிறத்தை உள்ளபடி காட்டும் அளவு, 90க்கு மேல் உள்ள வெள்ளை எல்இடி விளக்கு போதும். மஞ்சள் பல்பில் கலந்த நிறம் பகலில் வேறாகத் தெரியும்.

ஜனவரி 2, மார்கழி 18

சாம்பல் நிறத்தையே பாடமாக எடுத்துக்கொள்ள இதைவிட நல்ல காலம் கிடையாது. அல்ட்ராமரைன் நீலம், பர்ன்ட் சியன்னா என்கிற செம்பழுப்பு, மஞ்சள் ஓக்கர், இந்த மூன்றே. பேரூர்ப் பக்கமிருந்து மேற்கே வெள்ளியங்கிரியைப் பாருங்க: பின்வரிசை மலைக்கு நீலம் தூக்கலாக, தண்ணீர் நிறைய, முன்வரிசைக்குச் சியன்னா கொஞ்சம் கூட்டி, தண்ணீரைக் குறைத்து. பனி மூடிய அடிவாரத்தைச் சுத்தமான ஈரப்பிரஷால் இழுத்துக் கரைத்துவிட வேண்டும், பூச்சு ஈரமாக இருக்கும்போதே. காய்ந்தால் நிறம் வெளிறும். அதனால் கண்ணுக்குச் சரியாகத் தெரிவதைவிட ஒரு படி அழுத்தமாகவே கலக்கணும். ஒரே மலையை ஏழு நாள் வரைந்தால் ஏழு சாம்பல் கிடைக்கும். மூட்டம் இல்லாத மாசத்தில் இது வாய்க்காது.

ஜனவரி 13, போகி

காப்புக் கட்டுக்கு வந்த பூளைப்பூ, ஆவாரம்பூ, வேப்பிலை, மூன்றையும் கட்டுவதற்கு முன் ஒரு கொத்து எடுத்து வைத்து வரையுங்க. இன்றைக்கு மட்டும் லெமன் மஞ்சள் நாலாவது நிறம். ஆவாரம்பூவை முதலில் மஞ்சளாகப் போட்டு, காய்ந்ததும் சுற்றிலும் பச்சை. பச்சைமேல் மஞ்சள் எடுபடாது. பூளைப்பூவுக்கு வண்ணமே வேண்டாம். பின்னணிச் சாம்பலைப் பிரஷில் தண்ணீர் அதிகமில்லாமல் தேய்த்தால், தாளின் வெள்ளையே பஞ்சாக நிற்கும்.