பதினேழு மணி நேரம்

தமிழ்நாட்டில் நான் பயிற்சி மருத்துவராக இருந்த நாள்களில், காய்ச்சலும் தலைவலியும் கழுத்து விறைப்புமாக ஒருவர் வந்தால் எங்கள் மனம் முதலில் காசநோயை நோக்கித்தான் போகும். மூளையுறையைத் தாக்கும் காசநோயைத் தவறவிட்டால் என்ன ஆகும் என்பதைக் கண்ணால் கண்டவர்கள் எங்களுக்கு ஆசிரியர்களாக இருந்தார்கள். பின்னர் இங்கிலாந்தின் வடபகுதியில் ஒரு நடுத்தர மருத்துவமனையில், அவசரமாக அனுமதிக்கப்படும் பெரியவர்களைக் கவனிக்கும் பிரிவில் சேர்ந்தேன். அங்கே அதே அறிகுறிகளோடு வந்தவர்களின் முதுகுத்தண்டிலிருந்து நீர் எடுத்துச் சோதித்தபோது, மூளையைச் சுற்றியுள்ள உறை வீங்கும் மூளையுறை அழற்சிக்கு (மெனிஞ்சைட்டிஸ்) காரணம் தெரியவந்த இடங்களில் அது பெரும்பாலும் வைரஸாகவே இருந்தது. அந்த மாற்றத்துக்கு என் மனம் பழகச் சில காலம் ஆயிற்று.

இதற்குப் பின்னால் ஒரு நல்ல செய்தி இருக்கிறது. பிரிட்டனில் இந்நோயை உண்டாக்கும் பாக்டீரியாக்களுக்கு எதிராக 1992இல் ஹிப் தடுப்பூசியும், 1999இல் மெனிங்கோகாக்கஸ் சி வகைக்கான தடுப்பூசியும், 2006இல் குழந்தைகளுக்கான நிமோகாக்கஸ் தடுப்பூசியும், 2015இல் கைக்குழந்தைகளுக்கு மெனிங்கோகாக்கஸ் பி வகைக்கான தடுப்பூசியும் வந்த பிறகு, உயிரைப் பறிக்கும் பாக்டீரியா வகை மூளையுறை அழற்சி வெகுவாகக் குறைந்தது. 1988இல் வந்த எம்.எம்.ஆர். தடுப்பூசி, பொன்னுக்குவீங்கியால் வந்துகொண்டிருந்த வைரஸ் வகையையும் சேர்த்தே குறைத்தது. எஞ்சி நின்றவற்றில் முதலிடம் என்டரோவைரஸ்களுக்கு. குடலில் குடியிருந்து, கழுவாத கைகள் வழியாகப் பரவும் இவற்றால் கோடையிலும் இலையுதிர் காலத்திலும் நோயாளிகள் கூடுதலாக வருவார்கள். அடுத்த இடங்களில் ஹெர்பிஸ் சிம்ப்ளெக்ஸ் வைரஸும், சின்னம்மைக்கும் அக்கிக்கும் காரணமான வைரஸும் இருக்கின்றன.

பத்து நோயாளிகளில் ஒருவரைத்தான் என்றென்றும் நினைவில் வைத்திருக்கிறோம். என் நினைவில் இருப்பவர் இருபதுகளின் தொடக்கத்தில் இருந்த ஒரு கல்லூரி மாணவி. அடையாளம் தெரியாதபடி சில விவரங்களை மாற்றியே எழுதுகிறேன். செப்டம்பர் மாதத்து சனிக்கிழமை இரவு ஒன்பது மணி அளவில், அறையின் விளக்கைக்கூடப் பார்க்க முடியாமல் துண்டால் கண்ணை மூடிக்கொண்டு வந்தார். காய்ச்சல், வாந்தி, கழுத்தை மடக்க முடியாத வலி. ஆனால் நினைவு தெளிவாக இருந்தது; கேட்ட கேள்விக்கெல்லாம் சரியாகப் பதில் சொன்னார். வலிப்பு வரவில்லை, கை கால்களில் பலவீனம் இல்லை, கண்ணின் உட்புறத்தில் வீக்கம் இல்லை. உடனே முதுகில் ஊசி செலுத்தி நீர் எடுக்க எந்தத் தடையும் இருக்கவில்லை.

நான் எடுக்கவில்லை. முதலில் ஆன்டிபயாடிக் கொடுத்தேன்; அது சரியான முடிவு, இன்றும் அதையே செய்வேன். அடுத்து, தேவை இல்லாதபோதும் சி.டி. ஸ்கேனுக்கு எழுதினேன். எல்லோரும் அப்படித்தான் செய்தார்கள், பாதுகாப்பான வழி என்று நானும் நம்பினேன். ஸ்கேன் முடிவு வரும்போது நள்ளிரவு தாண்டியிருந்தது. மாரடைப்போடு ஒருவரும், மூச்சுத்திணறலோடு இருவரும் காத்திருந்தார்கள். காலையில் பொறுப்பேற்ற குழுவிடம் அந்த வேலையை ஒப்படைத்துவிட்டு வீட்டுக்குப் போனேன். அவர்கள் நீர் எடுத்தபோது ஞாயிறு மாலை நான்கு மணி ஆகியிருந்தது. அதாவது 19 மணி நேரம்.

நீரில் வெள்ளணுக்கள் கூடியிருந்தன, பெரும்பாலானவை லிம்ஃபோசைட்டுகள் என்ற வகை. சர்க்கரை அளவு சரியாகவே இருந்தது. பார்த்தவுடன் வைரஸ் என்று சொல்லத் தோன்றும். ஆனால் ஆன்டிபயாடிக் உடலுக்குள் போய்ச் சில மணி நேரத்திலேயே மெனிங்கோகாக்கஸ் கிருமி வளர்ப்புச் சோதனையில் முளைக்காமல் போகலாம். ஆகவே கிருமி முளைக்கவில்லை என்ற முடிவை நம்பி மருந்தை நிறுத்த யாருக்கும் துணிவு வரவில்லை. வைரஸின் மரபணுவைத் தேடும் பி.சி.ஆர். சோதனைக்கு வேறு நகரத்து ஆய்வகத்துக்கு மாதிரி போனது. முடிவு புதன்கிழமை வந்தது, என்டரோவைரஸ். அதுவரை அவருக்குச் செஃப்ட்ரியாக்ஸோன் என்ற ஆன்டிபயாடிக்கும், எதற்கும் இருக்கட்டும் என்று சேர்க்கப்பட்ட அசைக்ளோவிர் என்ற வைரஸ் எதிர்ப்பு மருந்தும் ரத்தக்குழாய் வழியே ஏறிக்கொண்டிருந்தன. எட்டு மணி நேரத்துக்கு ஒருமுறை ஏற்ற வேண்டிய அசைக்ளோவிர் சிறுநீரகத்தைப் பாதிக்கக்கூடியது என்பதால் சலைன், அதைக் கண்காணிக்க ரத்தச் சோதனை, அதற்காகத் தூக்கத்தைக் கெடுக்கும் விடியற்காலை ஊசி. மூளையையே தாக்கும் ஹெர்பிஸ் அழற்சியில் அசைக்ளோவிர் உயிர் காக்கும். குழப்பமோ, நடத்தை மாற்றமோ, வலிப்போ இருந்தால் ஒரு நிமிடமும் தாமதிக்கக் கூடாது. உறையோடு நிற்கும் அழற்சியில் அது பயன் தருவதாக உறுதியான சான்று இல்லை.

மருத்துவமனை மீது இந்த நோய் ஏற்றும் சுமை என்ன என்பது எனக்கு விளங்கியது அந்த நான்கு நாள்களில்தான். எங்கள் வார்டில் தனியறைகள் மிகச் சில. முதல் 24 மணி நேரத் தனிமை முடிந்த பிறகும், வெளிச்சமும் சத்தமும் தாங்காதவரைப் பொது அறைக்கு மாற்ற யாருக்கும் மனம் வரவில்லை. தொற்றுள்ள வயிற்றுப்போக்கோடு வந்த முதியவர் ஒருவர் அந்த அறைக்காக அவசர சிகிச்சைப் பிரிவின் தள்ளுபடுக்கையில் இரவு முழுவதும் கிடந்தார். மூளையுறை அழற்சி பொதுச் சுகாதாரத் துறைக்குக் கட்டாயம் தெரிவிக்க வேண்டிய நோய் என்பதால், மாணவியின் அறைத்தோழிகளுக்குத் தொலைபேசி அழைப்புகள் போயின. தங்களுக்கும் வந்துவிடுமோ என்று அந்தப் பிள்ளைகள் அழுதார்கள். இவ்வளவும், தானாகவே சரியாகிவிடக்கூடிய ஒரு நோயின் பெயர் எங்களுக்குத் தெரியாததால் நடந்தவை.

சில ஆண்டுகளுக்குப் பின், 2018இல், லிவர்பூல் பல்கலைக்கழகத்தினர் முன்னின்று பிரிட்டனின் 42 மருத்துவமனைகளில் நடத்திய ஆய்வு வெளியானபோது, அதில் என் சனிக்கிழமை இரவை எண்களாகப் படித்தேன். மூளையுறை அழற்சி உறுதியான 638 பெரியவர்களில் 231 பேருக்கு வைரஸ், 99 பேருக்கு பாக்டீரியா; 267 பேருக்குக் காரணமே கண்டறியப்படவில்லை. ஆண்டுக்கு ஒரு லட்சம் பெரியவர்களில் ஏறத்தாழ 2.73 பேருக்கு வைரஸ் வகை வருகிறது என்று அவர்கள் கணக்கிட்டார்கள். பாக்டீரியா வகைக்கு அது 1.24. எண்ணிக்கை பெரிதாகத் தோன்றாது. ஆனால் மருத்துவமனைக்கு வந்ததிலிருந்து முதுகில் நீர் எடுக்கும்வரை ஆன நேரத்தின் இடைநிலை அளவு 17 மணி நேரம். சீக்கிரம் எடுத்தவர்களுக்குக் காரணம் கூடுதலாகத் தெரியவந்தது. ஸ்கேனுக்காகக் காத்திருந்தவர்களுக்குத் தாமதம் கூடியது. வைரஸ் வகை நோயாளிகள் வழக்கமாக 4 நாள் தங்கினார்கள், வைரஸ் எதிர்ப்பு மருந்து பெற்றவர்களோ 9 நாள். எங்கள் மருத்துவமனையின் தனிக் குறை என்று நான் நினைத்துக்கொண்டிருந்தது நாடு முழுவதும் நடந்துகொண்டிருந்தது என்பதில் எனக்கு ஆறுதல் கிடைக்கவில்லை, வருத்தமே மிஞ்சியது.

அந்த ஆய்வின் இன்னொரு பகுதி என்னை அதைவிட அதிகமாகத் தைத்தது. வைரஸ் வகையிலிருந்து பிழைத்தெழுந்தவர்களும் ஓராண்டுவரை வாழ்க்கைத்தரத்தில் இழப்போடு இருந்தார்கள். மாணவியை வீட்டுக்கு அனுப்பிய நாளில், “வெறும் வைரஸ்தான், கவலைப்பட ஒன்றுமில்லை” என்று நான் சொல்லியிருந்தேன். மூன்று மாதம் கழித்து வேறு காரணத்துக்காக வெளிநோயாளிப் பிரிவுக்கு வந்தவர் என்னை அடையாளம் கண்டுகொண்டார். தினமும் தலைவலி, ஒரு பக்கம் படித்தால் முந்தைய பக்கம் நினைவில் நிற்பதில்லை, அந்தப் பருவத் தேர்வை எழுதவில்லை. “ஒன்றுமில்லை என்று நீங்கள் சொன்னதால், நான் சோம்பேறியாகிவிட்டேன் என்று நினைத்தேன்” என்றார். அவருடைய குரலில் கோபம் இல்லை. கோபப்பட்டிருந்தால் எனக்குத் தாங்க எளிதாக இருந்திருக்கும்.

அதன் பிறகு நாங்கள் செய்தவை சிறிய காரியங்கள். நீர் எடுக்கும் ஊசி, குழாய்கள், அழுத்தம் அளக்கும் கருவி, ரத்தச் சர்க்கரைக்கான குப்பி எல்லாவற்றையும் ஒரே பெட்டியில் வைத்தோம். முன்பு நான்கு அலமாரிகளைத் துழாவ வேண்டியிருந்தது. பின்விளைவான தலைவலியைக் குறைக்கும் முனைமழுங்கிய ஊசிகளையே வாங்கச் சொன்னோம். எவருக்கு மட்டும் முதலில் ஸ்கேன் தேவை என்பதைச் சுவரில் ஒட்டினோம். ஆய்வகத்துக்கு மாதிரி ஞாயிற்றுக்கிழமையும் போக வழி கேட்டோம். அது மட்டும் இன்னும் முழுதாக நடக்கவில்லை. இரவில் ஆள் போதாத வார்டில் ஒரு மருத்துவர் முக்கால் மணி நேரம் ஒரே நோயாளியோடு உட்கார வேண்டும் என்பதுதான் அடிப்படைச் சிக்கல். அதைப் பெட்டியோ சுவரொட்டியோ தீர்த்துவிடாது என்று நிர்வாகக் கூட்டங்களில் ஒவ்வொரு முறையும் சொல்லி வருகிறேன்.

சென்ற ஆகஸ்டில் ஓர் ஓட்டுநர் அதே அறிகுறிகளோடு வந்தார். இளம் மருத்துவர் ஒருவர் இரண்டு மணி நேரத்துக்குள் நீர் எடுத்துவிட்டார். நான் நோயாளியின் தோளைப் பிடித்துக்கொண்டு பக்கத்தில் நின்றேன். மறுநாளே என்டரோவைரஸ் என்று தெரிந்து மருந்துகளை நிறுத்தினோம், மூன்றாம் நாள் காலை அறை காலியானது. கிளம்பும்போது எப்போது வண்டி ஓட்டலாம் என்று கேட்டார். தலைவலியும் களைப்பும் மறதியும் சில வாரங்களோ மாதங்களோ நீடிக்கலாம் என்று சொல்லி, அதையே அவருடைய முதலாளிக்கும் ஒரு கடிதமாக எழுதிக் கொடுத்து, ஆறு வாரம் கழித்து என்னைப் பார்க்க வரும் தேதியை அதன் கீழே குறித்தேன்.