டிரான்ஸ்மிஷன் லைன்ஸ் அரியர்: என்னை விழவைத்த கால் லாம்டா

நேற்று சாயங்காலம் ரிசல்ட் வந்தது. டிரான்ஸ்மிஷன் லைன்ஸ் (ஒயரில் அலையாக சிக்னல் போகும் விதத்தைப் படிக்கும் இன்ஜினியரிங் பேப்பர்) பாஸ். குடியாத்தத்தில் எங்கள் வீட்டு மொட்டை மாடியில் நின்று போனில் மூன்று தடவை பார்த்த பிறகுதான் கீழே இறங்கி அம்மாவிடம் சொன்னேன். இதே பேப்பரை வைத்துக்கொண்டு தவிக்கிறவர்கள் எங்கள் பஸ்ஸிலேயே ஏழெட்டு பேர் இருக்கிறார்கள். மறப்பதற்குள் அவர்களுக்காக எழுதிவிடுகிறேன்.

போன நவம்பரில் நான் படிக்காமல் போய் ஃபெயில் ஆகவில்லை. பார்ட் சி-யில் சிங்கிள் ஸ்டப் மேட்சிங் வந்தது, அதாவது லைனில் சரியான இடத்தில் ஒரு சின்ன லைன் துண்டை (ஸ்டப்) சேர்த்து, லோடிலிருந்து அலை திரும்பி வராமல் செய்யும் கணக்கு. நமக்குத் தெரிந்த கணக்குதானே என்று அதற்கே நாற்பது நிமிஷம் கொடுத்தேன். பார்ட் பி-யிலும் இன்னொரு மேட்சிங் கணக்கில் அதே தப்பைச் செய்தேன். விடைத்தாள் நகலுக்குப் பணம் கட்டி வாங்கிப் பார்த்த அன்று ராத்திரி தூக்கம் வரவில்லை. ஸ்டப்பின் நீளம் சரி. அதை வைக்க வேண்டிய இடம் மட்டும் தப்பு, அதுவும் மிகச் சரியாகக் கால் லாம்டா (லாம்டா என்பது அலைநீளம்).

ஏன் அப்படி ஆனது என்பதை எளிய எண்களில் காட்டுகிறேன். 50 ஓம் லைன், முனையில் 100 ஓம் லோடு. நார்மலைஸ் செய்தால், அதாவது 100-ஐ 50-ஆல் வகுத்தால், 2. நான் அந்த 2-ஐ ஸ்மித் சார்ட்டில் (இந்தக் கணக்குகளை வரைந்தே போட உதவும் வட்ட வரைபடம்) குறித்து, வட்டம் போட்டு, நேராக ஸ்டப்புக்குப் போய்விட்டேன். ஸ்டப் லைனுக்கு இணையாகச் சேர்கிறது. இணையாகச் சேரும்போது கூடுவது அட்மிட்டன்ஸ், அதாவது இம்பீடன்ஸின் (ஏசி-க்கு ஓமில் சொல்லும் தடை) தலைகீழ். அதனால் முதலில் மையத்தின் வழியாகக் கோடு இழுத்து எதிர்ப்பக்கம் போக வேண்டும், அங்கே 0.5 கிடைக்கும். அதிலிருந்து ஜெனரேட்டர் பக்கமாக 0.152 லாம்டா நகர்ந்தால் 1 + ஜே0.707 (ஜே வருவது இமாஜினரி பகுதி). அந்த ஜே0.707-ஐ அடிக்க, ஷார்ட் செய்த ஸ்டப்பின் நீளமும் 0.152 லாம்டா. இன்னொரு விடையும் உண்டு: இடம் 0.348, நீளம் 0.348.

எதிர்ப்பக்கம் போகாமல் 2-இலிருந்தே கிளம்பினால் இடம் 0.098, நீளம் 0.348 என்று வரும். பாருங்கள், நீளம் சரியான விடையோடு அப்படியே ஒத்துப்போகிறது. 0.348-இல் 0.25 போனால் 0.098. அதே வட்டம், 1 இருக்கும் வட்டத்தை அது வெட்டும் அதே இரண்டு புள்ளிகள். கிளம்பிய இடம் மட்டும் பாதிச் சுற்று தள்ளி. சார்ட்டில் ஒரு முழுச் சுற்று என்பது அரை லாம்டா, ஆகவே பாதிச் சுற்று கால் லாம்டா. எந்த லோடு கொடுத்தாலும் இந்தத் தப்பு இப்படித்தான் ஒளிந்துகொள்ளும். பாதி விடை சரியாக இருப்பதால் நமக்கே சந்தேகம் வராது. இந்தப் பதிவில் வேறு எதை விட்டாலும் இந்தப் பத்தியை விடாதீர்கள்.

யூனிட் 1, 2-இல் டெரிவேஷன்கள் உங்களுக்கே தெரியும். எழுதி எழுதிப் பாருங்கள், அவ்வளவுதான்.

எனக்கு ரிஃப்ளெக்ஷன் (லைன் முனையில் அலை மோதித் திரும்புவது) புரிந்தது புத்தகத்தில் இல்லை, மாமாவோடு ஏணி தூக்கியதில். அவர் பல வருஷமாக ஊரில் கேபிள் டிவி லைன் பார்க்கிறார். டிசம்பரில் ஃபெயில் ஆன முகத்தோடு உட்கார்ந்திருந்தவனைக் கூட்டிக்கொண்டு போனார். ஒரு வீட்டுச் சுவரில் கடைசி டேப் (கேபிளிலிருந்து வீடுகளுக்குக் கிளை பிரிக்கும் பெட்டி), அதில் யாரும் கனெக்ஷன் எடுக்காத ஒரு முனை. சட்டைப் பையிலிருந்து விரல் நுனி அளவு மூடி ஒன்றை எடுத்து என் மீட்டரில் வைக்கச் சொன்னார். 75 ஓம் காட்டியது. "முனையை சும்மா வுட்டா போன சிக்னல் திரும்பி வரும்டா. அந்தக் காலத்து டிவில ஒவ்வொரு ஆளுக்கும் பக்கத்துல நிழலாட்டம் இன்னொரு ஆள் தெரிவான்" என்றார்.

வீட்டுக்கு வந்து கணக்குப் போட்டேன். 30 மீட்டர் ஒயர், போய்த் திரும்ப 60 மீட்டர். கேபிளுக்குள் வேகம் ஒளியின் வேகத்தில் 0.66 பங்கு என்றால் 0.3 மைக்ரோசெகண்ட். பழைய டிவி ஒரு வரியை 52 மைக்ரோசெகண்டில் வரையும். 40 செ.மீ. அகலத் திரையில் நிழல் 2 மி.மீ.க்குக் கொஞ்சம் அதிகமாகத் தள்ளி விழும். அன்றைக்கு அப்புறம் ரிஃப்ளெக்ஷன் கோயஃபிஷன்ட் சூத்திரம் எனக்கு மறக்கவே இல்லை.

பார்ட் ஏ-வில் நிறைய பேர் குழம்பும் இடம் பவர் டிரான்ஸ்ஃபர். ஜெனரேட்டரின் உள் இம்பீடன்ஸுக்கு லோடு கான்ஜுகேட்டாக (ரியல் பகுதி அதே, ஜே பகுதி எதிர்க்குறி) இருந்தால் அதிகபட்ச பவர். ஆனால் அப்போது எஃபிஷியன்சி 50 சதவீதம்தான், மீதிப் பாதி ஜெனரேட்டருக்குள்ளேயே சூடாகப் போகும். லோடு லைனின் இசட் நாட்டுக்கு (மேலே சொன்ன 50 ஓம் மாதிரி லைனுக்கே உரிய இம்பீடன்ஸ்) சமமாக இருப்பது வேறு விஷயம், அது திரும்பி வரும் அலையை நிறுத்துவதற்கு. இரண்டையும் ஒன்றாக எழுதினால் மார்க் போகும். திருவலம் பக்கம் பஸ்ஸில் போகும்போது தெரிகிற 400 கேவி லைனுக்கு யாரும் அந்த அதிகபட்ச பவர் தியரத்தைப் பார்ப்பதில்லை. பாதியை வீணாக்க முடியுமா? அங்கே பேச்சு சர்ஜ் இம்பீடன்ஸ் லோடிங், அதாவது லோடு லைனின் சர்ஜ் இம்பீடன்ஸுக்கு (அங்கே இசட் நாட்டின் பெயர்) சமமாக இருக்கும்போது போகும் பவர். சர்ஜ் இம்பீடன்ஸை 300 ஓம் என்று வைத்தால் 400 கேவி-யின் வர்க்கத்தை அதால் வகுத்து 533 மெகாவாட். இந்த ஒரு உதாரணத்தை எழுதுங்கள், படித்தவன் என்று தெரியும்.

மற்றவை, வரிசை இல்லாமல்:

- வேலூர் பழைய பஸ் ஸ்டாண்ட் பக்கம் ஒரு ஜெராக்ஸ் கடையில் அறுபது ஸ்மித் சார்ட் எடுத்தேன், நாற்பது போட்டேன். வீடியோ பார்த்தால் புரிந்த மாதிரி இருக்கும், கை வராது.
- சார்ட் கையில் வந்ததும் எதையும் குறிப்பதற்கு முன் மேலே பென்சிலில் "இசட்டா, ஒய்யா" (இசட் இம்பீடன்ஸ், ஒய் அட்மிட்டன்ஸ்) என்று எழுதுங்கள்.
- ஷார்ட் ஸ்டப்பை அட்மிட்டன்ஸ் சார்ட்டின் வலது ஓரத்தில், 0.25-இல் தொடங்குங்கள். மேலே உள்ள கணக்கில் 0.25 + 0.152 = 0.402.
- கூரான பென்சில் இரண்டு, இறுக்கமான காம்பஸ். முள் ஆடினால் மூன்றாவது தசமம் போச்சு.
- கால்குலேட்டர் காம்ப்ளக்ஸ் மோடில் விடையைச் சரிபாருங்கள். ஸ்டப் வைக்கும் இடத்தில் நார்மலைஸ் செய்த அட்மிட்டன்ஸின் ரியல் பகுதி 1 வராவிட்டால் தப்பு. இரண்டு நிமிஷம்தான்.
- குவார்ட்டர் வேவ் டிரான்ஸ்ஃபார்மர் (மேட்சிங்குக்கு நடுவே வைக்கும் கால் லாம்டா நீள லைன்) தியரியாகக் கேட்டால் விடாதீர்கள். 50-க்கும் 100-க்கும் நடுவே 70.7 ஓம்.
- ராத்திரி கண் விழிப்பது எனக்கு ஒத்துவராது. காலை நாலரைக்கு எழுந்தேன். கத்திரி வெயில் ஏறினால் மாடி அறையில் பத்து மணிக்கு மேல் உட்கார முடியாது.

இந்தத் தடவையும் பார்ட் சி-யில் ஸ்டப்தான் வந்தது. கேள்வியைப் பார்த்ததும் கை நடுங்கியது. சார்ட் வாங்கி, "ஒய்" என்று எழுதி, மையத்தின் வழியாகக் கோடு இழுத்த பிறகுதான் மூச்சு சீரானது. இருபத்தைந்து நிமிஷத்தில் முடித்து, கால்குலேட்டரில் போட்டபோது 0.99 வந்தது.

மீதி இருபது சார்ட் என் மேசையில் சும்மா இருக்கிறது. குடியாத்தம், பள்ளிகொண்டா பக்கம் இருப்பவர்கள் சொல்லுங்கள், காலை பஸ்ஸில் கொண்டுவந்து தருகிறேன்.