ஏர் வால்வில் பிடித்த தண்ணீர்

தென்மாவட்டம் ஒன்றில் கூட்டுக் குடிநீர்த் திட்டத்தின் பராமரிப்புப் பிரிவில்தான் என் பணி தொடங்கியது. ஆற்றுப் படுகையில் கிணறு அமைத்து, நூறு கிலோமீட்டருக்கும் மேல் குழாயில் தண்ணீரைக் கொண்டுவந்து வறண்ட ஊர்களுக்குக் கொடுக்கும் திட்டம். எனக்குக் கொடுத்த முதல் வேலை, மெயின் லைனில் கசிவு இருக்கும் இடங்களைப் பார்த்து அடைப்பது.

சாலையோரம் சின்னச் சின்ன சிமெண்ட் தொட்டிகளைப் பார்த்திருப்பீர்கள். உள்ளே ஏர் வால்வு இருக்கும். குழாயில் சேரும் காற்றை வெளியே விடுவதற்காக மேடான இடங்களில் வைப்பது. உள்ளிருக்கும் பந்து தேய்ந்தாலோ, யாராவது குச்சியைச் செருகினாலோ காற்றோடு தண்ணீரும் வர ஆரம்பிக்கும். அப்படி ஒரு தொட்டிக்குப் போனபோது ஏழெட்டுப் பெண்கள் அதைச் சுற்றி உட்கார்ந்திருந்தார்கள். ஒருவர் தொட்டிக்குள் குனிந்து, தேங்கிய தண்ணீரைச் சிரட்டையால் மொண்டு, வாயில் துணி கட்டிய குடத்தில் ஊற்றிக்கொண்டிருந்தார். ஒரு குடம் நிறைய கால் மணி நேரம் ஆனது. பிட்டர் ஸ்பேனரை எடுத்ததும் வயதான அம்மா ஒருவர் எழுந்து வந்து கேட்டார்: “அடைச்சிட்டுப் போயிருவீங்க சார். ஊருணியும் வத்திப்போச்சு. நாங்க எங்கே போக?”

“உங்க ஊருக்குத் தண்ணி வரலையாம்மா?” என்றேன். குழாய் அவர்கள் ஊர் வழியாகத்தான் போகிறது, ஊருக்குள் வரவில்லை என்றார்.

அன்று அடைத்துவிட்டுத்தான் வந்தேன். அடுத்த வாரமே அதே வால்வில் மறுபடியும் கசிவு என்று தகவல் வந்தது. அப்புறம்தான் அலுவலகத்தில் எஸ்டிமேட்டைத் தேடி எடுத்துப் பயனாளிக் குடியிருப்புகளின் பட்டியலைப் பார்த்தேன். அந்தக் குடியிருப்பு தனியாக இல்லை. சாலைக்கு அந்தப் பக்கம் உள்ள தாய்க் கிராமத்தின் மக்கள்தொகையோடு சேர்த்து எண்ணியிருந்தார்கள். தாய்க் கிராமத்தில் மேல்நிலைத் தொட்டி இருந்தது, தண்ணீரும் ஏறியது. ஆகவே காகிதத்தில் இந்தப் பெண்களுக்கும் தலைக்கு நாளொன்றுக்கு 40 லிட்டர் போய்க்கொண்டிருந்தது.

சரி, ஒரு இணைப்பு கொடுத்துவிடலாமே என்று எனக்கும் தோன்றியது. மெயின் லைனில் நேரடியாகத் துளை போட்டுத் தெருக்குழாய் வைத்தால் அழுத்தம் போய்விடும், அடுத்த ஊர்கள் காயும். ஒரு தரைமட்டத் தொட்டி, ஒரு மோட்டார், சிறிய மேல்நிலைத் தொட்டி, கொஞ்சம் விநியோகக் குழாய் வேண்டும். மொத்தத் திட்டச் செலவோடு ஒப்பிட்டால் கண்ணுக்கே தெரியாத தொகைதான். ஆனால் புதிதாகக் கட்டுவதற்கான மூலதனக் கணக்கு முடித்து மூடப்பட்டுவிட்டது. பராமரிப்புக் கணக்கில் புதிய பணி எடுக்க முடியாது. இரண்டு கணக்குத் தலைப்புகளுக்கும் நடுவில் அந்த ஊர் விழுந்துவிட்டது. கடிதம் எழுதினேன், நினைவூட்டல் எழுதினேன். தொட்டி வர ஆறு ஆண்டுகள் ஆயின. அதற்குள் நான் அங்கிருந்து மாற்றலாகிவிட்டேன்.

திட்டமிடுவது என்றால் எங்கள் துறையில் முதலில் ஒரு பெருக்கல். மக்கள்தொகையைத் தலைக்கு இத்தனை லிட்டர் என்று பெருக்குவோம். கிராமத்துக்கு அப்போது 40 லிட்டர். 2019இல் வீட்டுக்கு வீடு குழாய் இணைப்பு தரும் மத்திய அரசின் ஜல் ஜீவன் திட்டம் வந்தபின் 55 லிட்டர். பாதாளச் சாக்கடை உள்ள நகரத்துக்கு 135 லிட்டர். குழாய்க்கு 30 ஆண்டு, மோட்டாருக்கு 15 ஆண்டு என்று வைத்து எதிர்கால மக்கள்தொகையைக் கணிப்போம். 2021இல் நடந்திருக்க வேண்டிய கணக்கெடுப்பு தள்ளிப்போனதால், 2011இன் எண்ணைத்தான் இத்தனை ஆண்டுகளாக இழுத்து நீட்டிக்கொண்டிருந்தோம். பெருக்கல் சரிதான், கூடாது என்று சொல்லவில்லை. ஆனால் அது ஆற்றங்கரையில் எவ்வளவு எடுக்க வேண்டும் என்பதைத்தான் சொல்லும். கடைசி ஊர்க் குழாயில் எவ்வளவு விழும் என்பதைச் சொல்லாது.

இதை விளக்க ஒரு கணக்கு. எங்கள் திட்டத்தில் மோட்டார் நாளுக்கு 20 மணி நேரம் ஓடும் என்று வடிவமைத்திருந்தார்கள். மின்தடை, குறைந்த மின்னழுத்தம், பழுது எல்லாம் போக 14 மணி நேரம் ஓடிய நாட்கள் நிறைய. 30 விழுக்காடு குறைவு. மேலதிகாரிகளுக்குப் போகும் அறிக்கையில் “70 விழுக்காடு வழங்கப்பட்டது” என்று இருக்கும். படிப்பவர்கள் எல்லா ஊரும் கொஞ்சம் குறைத்து வாங்கியிருக்கும் என்று நினைத்துக்கொள்வார்கள். நடப்பது வேறு. முன்னால் உள்ள ஊர்களின் தொட்டிகள் முழுதாக நிரம்பும், கடைசியில் இருக்கும் ஊர்களுக்குச் சொட்டுக்கூட வராது. பற்றாக்குறை முழுவதையும் அந்த ஊர்களே சுமக்கும். ஒவ்வொரு ஊரின் நுழைவிலும் அளவைக் கட்டுப்படுத்தும் வால்வும் மீட்டரும் சரியாக இருந்தால் இதைத் தடுக்கலாம். ஆனால் செலவைக் குறைக்கச் சொல்லும்போதெல்லாம் முதலில் வெட்டுப்பட்டது அந்த வால்வும் மீட்டரும்தான். கிணறும் பிரதானக் குழாயும் பெரிய தொட்டியும் ஒருநாளும் வெட்டுப்பட்டதில்லை.

கட்டுவதற்குப் பணம் வருகிறது, அதை மறுக்க முடியாது. ஜல் ஜீவன் திட்டத்துக்கு 3.60 லட்சம் கோடி ரூபாய் என்று அறிவித்தார்கள். ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களில் பல்லையும் எலும்பையும் கெடுத்த, ஃபுளோரைடு கலந்த போர் தண்ணீருக்கு மாற்றாக வந்தது. அந்தப் பல்லையும் எலும்பையும் பார்த்த யாரும் அதை வீண் செலவு என்று சொல்ல மாட்டார்கள். 2019 கோடையில் சென்னைக்கு ஜோலார்பேட்டையிலிருந்து ரயிலில் தண்ணீர் அனுப்பினார்கள், ஒரு ரயிலில் 25 லட்சம் லிட்டர். நெருக்கடி என்றால் எங்கிருந்தாவது பணமும் வேகமும் வந்துவிடும். வராதது ஆண்டுதோறும் தேவைப்படும் சிறிய பணம். வால்வுப் பந்து, பேனல் போர்டு, ப்ளீச்சிங் பவுடர், டேங்க் ஆபரேட்டரின் சம்பளம், கரண்ட் பில். 15ஆவது நிதி ஆணையம் ஊராட்சி மானியத்தில் 60 விழுக்காட்டைக் குடிநீருக்கும் துப்புரவுக்கும் என்று ஒதுக்கிவைத்தது எனக்கு உண்மையிலேயே பெரிய நிம்மதியாக இருந்தது. அது இல்லாத காலத்தில் குடிநீருக்கான கரண்ட் பில் பாக்கி கூடிக்கொண்டே போனதைப் பார்த்தவன் நான்.

ஆற்று மணலைப் பற்றியும் சொல்ல வேண்டும். எங்கள் கிணறுகளுக்கு மணல்தான் வடிகட்டி, மணல்தான் நீர்த்தொட்டி. அள்ள அள்ளப் படுகை இறங்கும். கூடவே நீர்மட்டமும் இறங்கி, கிணற்றின் பக்கவாட்டுக் குழாய்கள் வெளியே தெரியும். பல கோடியில் திட்டம் போட்டுவிட்டு அதன் அடியிலிருக்கும் மணலைக் காப்பாற்றாமல் விடுவதை என்னால் ஒருநாளும் ஏற்க முடிந்ததில்லை.

ஓய்வு பெறும் ஆண்டில், எங்கள் லைனின் கடைசி ஊருக்கு விடியற்காலை நாலரைக்குப் போனேன். டேங்க் ஆபரேட்டர் வால்வைத் திறந்தார். குழாய் முதலில் காற்றை ஊதியது. அப்புறம் செந்நிறமாகக் கொஞ்சம் வந்தது, பிறகு தெளிந்தது. வரிசையில் முதலில் நின்ற பெண்ணிடம் கேட்டுக்கொண்டு, அவர் குடத்துக்குக் கைக்கடிகாரம் பார்த்தேன். 15 லிட்டர் குடம் நிறைய நாலு நிமிடம். ஆபரேட்டரின் ரிஜிஸ்டரில் மோட்டார் ஓடிய நேரத்துக்குக் கட்டம் இருந்தது, தொட்டி மட்டத்துக்கு இருந்தது, குளோரின் அளவுக்கும் இருந்தது. குடம் நிறைய எடுத்த நேரத்துக்கு இல்லை. “ஓரத்துல எழுதிக்கவா சார்?” என்றார். எழுதச் சொன்னேன். தினமும் எழுதச் சொன்னேன்.