ஞாயிற்றுக்கிழமை எடை

ஏழாம் மாதம் நடக்கிறது. ஞாயிறு காலை வெறும் வயிற்றில் எடை பார்த்து கர்ப்பகால ஆப்பில் போடுகிறேன், ஏற வேண்டிய அளவுக்குப் பக்கத்திலேயே என் எடையையும் கோடாக வரைந்து காட்டிவிடும். கர்ப்பத்துக்கு முன் பிஎம்ஐ (உயரத்தோடு ஒப்பிட்ட எடைக் கணக்கு) 18.5 முதல் 24.9 வரை இருந்தால் மொத்தம் 11.5 முதல் 16 கிலோ ஏறலாம், அதற்கும் கீழே என்றால் 12.5 முதல் 18 கிலோ என்பது 2009-இல் அமெரிக்காவில் வந்த வழிகாட்டுதல், என் ஆப் அதைத்தான் எடுத்துக்கொள்கிறது. ஆப்பின் உணவுப் பட்டியலில் கேழ்வரகுக் கூழும் முருங்கைக்கீரைப் பொரியலும் இல்லை, நானே சேர்த்தேன். ‘ரெண்டு உயிருக்குச் சாப்பிடணும்’ என்று அத்தை தட்டில் அள்ளிப் போடும்போது அந்தக் கோட்டைக் காட்டுகிறேன், அவருக்கும் புரிகிறது. ஆனால் தோழிகளே, ஒரே வாரத்தில் சட்டென்று எடை ஏறி முகமும் கையும் வீங்கினால் ஆப்பைப் பார்த்துக்கொண்டிருக்காதீர்கள், அன்றைக்கே டாக்டரிடம் போய் பிபி பாருங்கள்.