நாச்சி அருவிக்குப் படியேறித்தான் போகவேண்டும்

நேற்று இரவுதான் ஒசாகா திரும்பினேன். முழங்கால் வலி இன்னும் போகவில்லை, ஆனாலும் இதை எழுதிவிட்டுத்தான் தூங்கப்போகிறேன். ஜப்பான் போகிற நம்மவர்கள் டோக்கியோ, கியோட்டோ, ஃபூஜி மலை என்று முடித்துக்கொள்கிறார்கள். கீ தீபகற்பத்தின் தெற்கே இருக்கும் நாச்சியை விட்டுவிட்டு வருவது பெரிய தப்பு.

நாச்சிக்கு இறங்கவேண்டிய ஸ்டேஷன் கீ-கட்சுரா, ஒசாகாவிலிருந்து விரைவு ரயிலில் சுமார் நாலு மணி நேரம். ஜப்பான் முழுக்கச் சுற்றலாம் என்று வெளிநாட்டுப் பயணிகள் வாங்கும் 7 நாள் ரயில் பாஸ் 2023 அக்டோபரில் 29,650 யென்னிலிருந்து 50,000 யென்னுக்கு ஏறிவிட்டது. இந்த ஒரு ஊருக்காக அதை வாங்காதீர்கள், தனி டிக்கெட்டே மலிவு.

ஸ்டேஷனிலிருந்து பஸ். பலர் நேரே அருவி நிறுத்தத்தில் இறங்கி, படம் எடுத்துக்கொண்டு அடுத்த பஸ்ஸில் திரும்பிவிடுகிறார்கள். அப்படிச் செய்யவே கூடாது! தைமோன்சாகாவில் இறங்குங்கள், மேலே ஏறும் பழைய கற்படிப் பாதை அங்கேதான் தொடங்குகிறது. வாசலில் இரண்டு பெரிய தேவதாரு மரங்கள் நிற்கின்றன, 800 வயது என்கிறார்கள். கணவன் மனைவி மரம் என்று பெயர். அங்கிருந்து 267 கற்படிகள். ஒன்றுகூட இன்னொன்றின் உயரத்தில் இல்லை. ஓரமெல்லாம் பாசி, நடுவில் மட்டும் கால்பட்டுக் கால்பட்டு வழுவழுவென்று தேய்ந்த கல். முந்தின நாள் மழை வேறு. நல்ல பிடிப்புள்ள ஷூ இல்லாமல் வராதீர்கள். இது இந்தப் பகுதியின் புனிதத் தலங்களுக்குப் போகும் பழைய குமானோ யாத்திரைப் பாதை. முடிதுறந்த ஜப்பானியப் பேரரசர் கோ-ஷிராகவா அந்த யாத்திரைக்கு 34 முறை வந்தவர். சாதாரண ஜனங்களும் திரண்டு வந்ததால் எறும்பு வரிசை என்றே இந்த யாத்திரைக்குப் பெயர் வந்தது. 2004-இல் இந்தப் பாதையை யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியப் பட்டியலிலும் சேர்த்துவிட்டார்கள்.

மேலே உட்கார்ந்து, காலையில் வாங்கி வந்த மெஹாரி-சுஷியைப் பிரித்தேன். உப்பில் ஊறிய கடுகுக்கீரை இலையில் சுற்றிய பெரிய சோற்றுருண்டை. வாயைப் பிளந்தால் கண்ணும் சேர்ந்து விரிகிற அளவு இருப்பதால் அந்தப் பெயராம். இலையின் புளிப்பும் உப்பும் வெறும் சோற்றில் இறங்கியிருந்தது. இந்தப் பயணத்தில் நான் சாப்பிட்டதிலேயே இதுதான் உசத்தி. சைவர்கள் மீன் கலந்திருக்கிறதா என்று கேட்டு வாங்குங்கள்.

அப்புறம் அருவி. 133 மீட்டர் உயரத்திலிருந்து ஒரே வீழ்ச்சி. கீழே ஹிரோ ஆலயம் என்கிறார்கள், ஆனால் கருவறை கிடையாது. அருவிதான் தெய்வம். உச்சியில் தண்ணீர் விளிம்பைத் தாண்டும் இடத்தில் குறுக்கே வைக்கோல் புரிக் கயிறு கட்டியிருக்கிறார்கள், வருஷத்துக்கு இரண்டு முறை மாற்றுவார்களாம். 300 யென் கொடுத்துக் கிட்டத்து மேடைக்குப் போனேன். கண்ணாடியில் நீர்த்துளி படியப் படியத் துடைத்துக்கொண்டே நின்றேன். நாச்சி என்ற பெயர் நம் காதில் நாச்சியார் என்றுதான் விழுகிறது. சம்பந்தம் ஒன்றும் இல்லை, ஆனாலும் கை தானாகக் கும்பிட்டது.

திரும்பும்போதுதான் எரிச்சல். ஒரு கடையில் சொன்ன நேரத்தை நம்பி நின்றேன். பஸ் அதற்கு முன்பே போய்விட்டிருந்தது. டாக்ஸிக்குக் கொடுத்ததில் இரவுச் சாப்பாட்டுக் காசு காலி. நிறுத்தத்தில் ஒட்டியிருக்கும் அட்டவணையை இறங்கும்போதே படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

டாக்ஸி பிடித்ததே நாச்சி ஸ்டேஷன் பக்கத்திலுள்ள ஃபுதராகுசன்-ஜி கோயிலுக்காகத்தான். இந்தியாவிலிருந்து கடலில் மிதந்து வந்து, அருவியடியில் தவம் செய்த ஒரு துறவி நிறுவியது என்பது ஐதீகம். ஃபுதராகு என்பது போதலகம், பௌத்தர்களின் கருணைத் தெய்வமான அவலோகிதர் வாழும் மலை. அது நம் பொதிகைதான் என்று சொல்லும் ஆய்வாளர்கள் உண்டு. படிக்கும்போதே எனக்குச் சிலிர்த்துவிட்டது. அந்த மலையைத் தேடி 868 முதல் 1722 வரை இங்கிருந்து துறவிகள் தெற்கே படகேறியிருக்கிறார்கள், திரும்பி வராத பயணம். அந்தப் படகின் மாதிரி கோயிலில் இருக்கிறது. நடுவில் ஒரு மரக்கூண்டு, ஆள் உட்கார மட்டும் இடம். உள்ளே 30 நாளைக்குச் சாப்பாடும் விளக்கெண்ணெயும் வைத்து, கதவை வெளியிலிருந்து ஆணியடித்துவிடுவார்களாம்.