தமனி, சிரை: அட்டவணையைத் தாண்டிப் படிக்க

பதினோராம் வகுப்பு விலங்கியலில் சுற்றோட்டப் பாடத்துக்கு வந்ததும் முதலில் மனப்பாடம் ஆவது தமனி, சிரை வேறுபாட்டு அட்டவணைதான். பள்ளித் தேர்வின் இரண்டு மதிப்பெண் வினாவுக்கு அது போதும். நீட் தேர்வின் கூற்று–காரணம் வினாக்களுக்குப் போதாது. அட்டவணையின் பல வரிகளுக்கு விதிவிலக்கு உண்டு, கேள்வி எடுப்பவர் கை வைப்பதும் அங்கேதான். தவறினால் கிடைத்த மதிப்பெண்ணிலும் ஒன்று குறையும்.

‘தமனியில் சுத்த இரத்தம், சிரையில் அசுத்த இரத்தம்’ என்ற வரியை நோட்டில் இருந்தால் இன்றே அடித்துவிடுங்கள். இதயத்திலிருந்து இரத்தத்தை வெளியே கொண்டுபோவது தமனி, இதயத்தை நோக்கிக் கொண்டுவருவது சிரை. ஓட்டத்தின் திசைதான் அளவுகோல், ஆக்சிஜன் அல்ல. இப்படிப் பிடித்துக்கொண்டால் நுரையீரல் தமனியில் ஆக்சிஜன் குறைந்த இரத்தம் ஓடுவதும், நான்கு நுரையீரல் சிரைகளில் ஆக்சிஜன் நிறைந்த இரத்தம் வருவதும் விதிவிலக்காகவே தோன்றாது. கொப்பூழ்க்கொடியும் அப்படித்தான். கருவின் இதயத்திலிருந்து நஞ்சுக்கொடிக்குப் போகும் இரண்டு தமனிகளில் ஆக்சிஜன் குறைவு, திரும்பும் ஒரே சிரையில் அதிகம். கல்லீரல் போர்ட்டல் சிரையை மட்டும் தனியாகக் குறித்துவையுங்கள். அது குடலின் தந்துகிகளில் (மிக நுண்ணிய இரத்தக் குழாய்களில்) தொடங்கி கல்லீரலின் நுண்குழல்களில் முடிகிறது, நேராக இதயத்துக்குப் போவதில்லை.

மற்ற எல்லா வேறுபாட்டுக்கும் வேர் ஒன்றே: அழுத்தம். பெருந்தமனியில் சராசரி அழுத்தம் ஏறக்குறைய 100 மி.மீ. பாதரசம். தந்துகியின் தமனி முனையில் சுமார் 35, சிரை முனையில் சுமார் 10, இதயத்தின் மேலறையான வலது ஆரிக்கிளை எட்டும்போது கிட்டத்தட்ட பூஜ்யம். இந்த நான்கு எண்களை ஒரு கோட்டில் எழுதி, ஒவ்வொன்றின் கீழும் அந்த இடத்துக் குழாய்ச் சுவரை வரையுங்கள். சுவர் ஏன் அப்படி இருக்கிறது என்று தனியாக மனப்பாடம் செய்யத் தேவையிருக்காது.

சுவரில் மூன்று அடுக்குகள்: உள்ளே டியூனிகா இன்டிமா, நடுவில் மீடியா, வெளியே எக்ஸ்டெர்னா. தமனியில் தடித்தது மீடியா; பெரிய சிரைகளில் தடித்தது எக்ஸ்டெர்னா. தந்துகிக்கு எண்டோதீலியம் என்ற உட்செல் படலமும் அடிச்சவ்வும் மட்டுமே. பெருந்தமனியின் மீடியாவில் மீள்தன்மை இழைகள் அடுக்கடுக்காக இருக்கும், அதன் பயனைக் கட்டாயம் புரிந்துகொள்ள வேண்டும். டயஸ்டோலில் (இதயம் தளரும்போது) கீழறையான இடது வென்ட்ரிக்கிளின் அழுத்தம் பூஜ்யத்தை ஒட்டி இறங்கும்போதும் பெருந்தமனியில் 80 நிற்பது எப்படி? சிஸ்டோலில் (இதயம் சுருங்கும்போது) விரிந்த சுவர் டயஸ்டோலில் பழைய நிலைக்குச் சுருங்கி இரத்தத்தை முன்னே தள்ளுகிறது. முதுமையில் சுவர் விறைக்கும்போது சிஸ்டோலிக் அழுத்தம் ஏறி, நாடித்துடிப்பு அழுத்தம் (சிஸ்டோலிக், டயஸ்டோலிக் அழுத்தங்களின் வித்தியாசம்) அகலுவதற்கும் காரணம் இதுவே.

செய்முறைத் தேர்வில் ஸ்லைடை வைத்தால் முதலில் குறைந்த உருப்பெருக்கத்தில் பாருங்கள். தமனியும் சிரையும் பெரும்பாலும் அருகருகே இருக்கும், பக்கத்தில் ஒரு நரம்பும் தெரியலாம். ‘பெரியதாக இருப்பது தமனி’ என்று எழுதுவதுதான் வழக்கமான தவறு. கூடவே போகும் தமனியைவிடச் சிரையின் உள்வெளி (இரத்தம் ஓடும் உட்குழி) பொதுவாக அகலம், சுவர் மெலிந்து ஒழுங்கற்று அமுங்கியிருக்கும். பிறகு உருப்பெருக்கத்தைக் கூட்டி, இன்டிமாவுக்கும் மீடியாவுக்கும் நடுவே அலை அலையாக மடிந்து பளிச்சென்ற இளஞ்சிவப்புக் கோட்டைத் தேடுங்கள். அது உள் மீள்தன்மைப் படலம். தமனியின் தசை சுருங்கிவிட்டதால் மடிந்து நிற்கிறது. அது தெளிவாகத் தெரிந்தால் தமனி என்று தைரியமாக எழுதலாம். படம் வரையும்போது சுவரின் தடிப்புக்கும் உள்வெளிக்கும் உள்ள விகிதத்தைக் காட்டுங்கள். இரண்டையும் ஒரே தடிப்பில் வரைந்தால் பெயர் குறித்தும் பயனில்லை.

அழுத்தம் மிக அதிகமாக இறங்கும் இடம் எது என்ற கேள்விக்குப் பலர் தந்துகி என்று குறிப்பார்கள். விடை நுண்தமனி. குழாயின் தடை ஆரத்தின் நான்காம் அடுக்குக்கு எதிர்விகிதத்தில் மாறும்; ஆரம் பாதியானால் தடை 16 மடங்கு. நுண்தமனியின் மென்தசை சற்றே சுருங்கினாலும் அதன் விளைவு பெரிது. இரத்தம் மிக மெதுவாக ஓடும் இடம்தான் தந்துகி. பெருந்தமனியின் குறுக்குப் பரப்பு சுமார் 2.5 சதுர செ.மீ., தந்துகிகள் அனைத்தையும் சேர்த்தால் சுமார் 2500. பரப்பு ஆயிரம் மடங்கு கூடுவதால் வேகம் வினாடிக்கு 33 செ.மீ.யிலிருந்து சுமார் 0.3 மி.மீ.க்கு இறங்குகிறது. பொருட்கள் பரிமாற அந்த நிதானம் வேண்டும்.

சிரை வால்வுகளைப் புத்தகத்தில் பார்ப்பதைவிட முன்கையில் பார்ப்பது மேல். வில்லியம் ஹார்வி 1628இல் வெளியிட்ட நூலில் காட்டிய சோதனை இது. முழங்கைக்கு மேல் ஒரு துணியை மிதமாகக் கட்டுங்கள். மணிக்கட்டில் நாடித்துடிப்பு தெரிய வேண்டும். தெரியாவிட்டால் தமனியும் அடைபட்டிருக்கிறது, சிரை புடைக்காது, உடனே தளர்த்துங்கள். சிரை புடைத்ததும் ஆங்காங்கே சிறு முடிச்சுகள் தெரியும், வால்வுகள் இருக்கும் இடங்கள் அவை. ஒரு விரலால் சிரையை அழுத்திக்கொண்டு, இன்னொரு விரலால் அங்கிருந்து முழங்கைப் பக்கமாக அடுத்த முடிச்சைத் தாண்டி இரத்தத்தைத் தள்ளி, மேல் விரலை எடுத்துவிடுங்கள். நடுப்பகுதி காலியாகவே நிற்கும், மேலிருந்து இரத்தம் திரும்பி வராது. கீழ் விரலை எடுத்ததும் நிரம்பிவிடும். ஓரிரு நிமிடத்துக்குள் கட்டை அவிழ்த்துவிடுங்கள்.

அசையாமல் நிற்பவரின் பாதச் சிரையில் அழுத்தம் சுமார் 90 மி.மீ. வரை ஏறும், நடந்தால் 20ஐ ஒட்டி இறங்கிவிடும். கெண்டைக்கால் தசை பிழிவதும் வால்வுகள் தாங்குவதும் சேர்ந்து செய்யும் வேலை அது. வால்வு பழுதானால் சிரை புடைத்து முறுக்கிக்கொள்ளும். ஆனால் பெருஞ்சிரைகளிலும் நுரையீரல் சிரைகளிலும் இத்தகைய வால்வுகள் இல்லை. ‘எல்லாச் சிரைகளிலும் வால்வு உண்டு’ என்ற கூற்று தவறு.

சராசரித் தமனி அழுத்தத்தைக் கணக்கிடச் சொன்னால் 120, 80 இரண்டையும் கூட்டி இரண்டால் வகுக்காதீர்கள். ஓய்வு நிலையில் டயஸ்டோல் அதிக நேரம் நீடிப்பதால், டயஸ்டோலிக் அழுத்தத்தோடு நாடித்துடிப்பு அழுத்தத்தில் மூன்றில் ஒரு பங்கைச் சேர்க்க வேண்டும்: 80 + 40/3, அதாவது சுமார் 93. இதயத் தசைக்கே இரத்தம் தரும் கரோனரித் தமனிகளைப் பற்றிய வினாவுக்கும் இதே டயஸ்டோல் உதவும். இடது வென்ட்ரிக்கிளின் தசைக்கு இரத்தம் பெரும்பாலும் டயஸ்டோலில்தான் போய்ச் சேருகிறது, சிஸ்டோலில் சுருங்கும் தசையே தன் குழாய்களை நெரித்துவிடும். துடிப்பு வேகமாகும்போது டயஸ்டோல் நேரமே அதிகம் குறையும். இந்தத் தமனிகளில் அடைப்புள்ளவருக்கு மாடி ஏறும்போது நெஞ்சு வலிப்பதற்கு இதுவும் ஒரு காரணம்.