பக்கவாதம் வந்தவரை வீட்டுக்கு அழைத்துப் போவது: வார்டிலேயே பழகிக்கொள்ள வேண்டியவை

பக்கவாத வார்டில் "எப்போ டிஸ்சார்ஜ்?" என்று முதல் நாளே கேட்டுவிடுவார்கள். "வீட்டில் யார் பார்த்துக்கொள்வது?" என்ற பேச்சு பில் போடும் நாளில்தான் எழும். அதனால் நோயாளி ஐ.சி.யூ.விலிருந்து வார்டுக்கு வந்த மறுநாளே, பகலில் யார், இரவில் யார் என்று இரண்டு பெயர் கேட்டு எழுதிக்கொள்கிறோம். வார்டில் கூட இருப்பவர் மகன், வீட்டில் கஞ்சி ஊற்றப் போகிறவர் மருமகள் என்றால் மகனுக்குச் சொல்லிக்கொடுத்தது பாதிகூட வீடு போய்ச் சேராது. மருமகளை இரண்டு நாளாவது வரச் சொல்லுங்கள். நர்ஸ் செய்வதைப் பார்த்தால் போதாது. நர்ஸ் பக்கத்தில் நிற்க, அவரே நான்கைந்து முறை செய்ய வேண்டும்.

அதிகம் பழக வேண்டியது மூக்குக்குழாய்; விழுங்க முடியாதவருக்கு மூக்கு வழியாக வயிற்றுக்குப் போகும் குழாய், கஞ்சியும் மருந்தும் அதில்தான் ஊற்ற வேண்டும். இடுப்புக்கு மேல் உடம்பு முழுவதும் 30 முதல் 45 டிகிரி உயர வேண்டும். இரண்டு தலையணையை அடுக்கினால் கழுத்துதான் மடங்கும். முதுகை நிமிர்த்தும் கட்டில் வாடகைக்குக் கிடைக்கிறது, அதையே எடுங்கள். மூக்கருகே குழாயில் பேனாவால் ஒரு கோடு போட்டு அனுப்புவோம். ஒவ்வொரு வேளையும் முதல் பார்வை அந்தக் கோட்டின் மேல். கோடு வெளியே தள்ளி வந்திருந்தால் எதையும் ஊற்றக் கூடாது, குழாயை நீங்களாக உள்ளே தள்ளவும் கூடாது. கோடு சரியாக இருந்தால் சிரிஞ்சால் மெல்ல இழுத்துப் பாருங்கள். போன வேளைக் கஞ்சி நிறைய அப்படியே திரும்பி வந்தால் இந்த வேளையைத் தள்ளிப்போட்டு டாக்டரைக் கேளுங்கள்.

பிறகு 50 மில்லி சிரிஞ்சின் தண்டைக் கழற்றிவிட்டுக் குழாயில் பொருத்தி, 30 மில்லி தண்ணீர், டயட்டீஷியன் எழுதிக் கொடுத்த அளவில் கஞ்சி (பெரும்பாலும் 200 முதல் 250 மில்லி), மறுபடி 30 மில்லி தண்ணீர். சிரிஞ்சை உயர்த்திப் பிடித்தால் தானாக இறங்கும்; கால் மணி நேரத்துக்கு மேலேகூட ஆகும். கை வலிக்கிறது என்று தண்டைப் போட்டு அழுத்துகிறார்கள். வயிறு சட்டென்று நிரம்பி, கஞ்சி மேலே எதுக்களித்து, நுரையீரலுக்குள் போய் நிமோனியாவில் முடிகிறது. போன வாரம் வீட்டுக்குப் போனவர் காய்ச்சலும் சளியுமாகத் திரும்பி வந்தால் நாங்கள் முதலில் கேட்பது இதைத்தான். ஊற்றி முடித்து ஒரு மணி நேரத்துக்குக் கட்டிலைத் தாழ்த்தாதீர்கள்.

பார்க்க வரும் உறவினர்கள் ஆசையாக ஒரு ஸ்பூன் காபி, ஒரு துண்டு வாழைப்பழம் என்று வாயில் வைப்பார்கள். விழுங்கும் திறனைச் சோதித்து டாக்டர் அனுமதிக்கும்வரை ஒரு சொட்டுத் தண்ணீரும் வாய்வழி கூடாது. அதே நேரம், சாப்பிடாத வாய்தானே என்று விட்டுவிடவும் கூடாது. ஈரத்துணி சுற்றிய விரலால் தினம் இரண்டு முறையாவது துடைத்துவிடுங்கள்.

மாத்திரையை ஒவ்வொன்றாகத் தனியே பொடித்துக் கரைத்து ஊற்றி, இடையில் தண்ணீர் விட வேண்டும். எல்லாவற்றையும் சேர்த்துக் குழைத்தால் குழாய் அடைத்துக்கொள்ளும். அட்டையில் எஸ்.ஆர்., இ.ஆர்., எக்ஸ்.எல். என்றிருந்தால் பொடிக்கவே கூடாது. நாள் முழுக்க மெல்ல இறங்க வேண்டிய மருந்து ஒரேயடியாக இறங்கி பிரஷரோ சர்க்கரையோ விழுந்துவிடும். டிஸ்சார்ஜுக்கு முன்பே டாக்டரிடம் சொல்லி மாற்று வாங்கிக்கொள்ளுங்கள். வலிப்புக்குத் தரும் ஃபெனிடாய்ன் கஞ்சியோடு சேர்ந்தால் உடம்பில் சரியாக ஏறாது. முன்னும் பின்னும் எவ்வளவு இடைவெளி என்று நேரத்தோடு எழுதி வாங்குங்கள்.

இன்னொரு ஆபத்து வீட்டு அலமாரியில் இருக்கிறது. பழைய மாத்திரை டப்பாவை அப்படியே வார்டுக்குக் கொண்டுவரச் சொல்கிறோம். ரத்தம் கட்டாமலிருக்க ஏற்கெனவே ஆஸ்பிரின் போட்டுக்கொண்டிருந்தவருக்கு இப்போது ஆஸ்பிரினும் குளோபிடோக்ரலும் சேர்ந்த மாத்திரை எழுதியிருப்பார்கள். பெயர் வேறாக இருப்பதால் வீட்டில் இரண்டும் தொடரும். வயிற்றில் ரத்தம் கசிந்து மலம் கறுப்பாகப் போகும்போதுதான் தெரியவரும். தொடர வேண்டியது, நிறுத்த வேண்டியது, புதியது என்று மூன்றாகப் பிரித்து, நிறுத்தியதை வார்டிலேயே விட்டுவிட்டுப் போங்கள்.

இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை புரட்டிப் படுக்கவைப்பது இரவிலும் உண்டு. காற்று மெத்தை வாங்கிவிட்டோம் என்று அதை நிறுத்தியவர்களுக்குப் புண் வந்திருக்கிறது. தூக்கும்போது செயலிழந்த கையைப் பிடித்து இழுக்காதீர்கள், தோள் மூட்டு நழுவிவிடும். யூரின் பேக் எப்போதும் இடுப்புக்குக் கீழே, ஆனால் தரையில் படாமல் தொங்க வேண்டும்.

டிஸ்சார்ஜ் சம்மரியைக் கையில் வாங்கியதும் நான்கு விஷயம் பாருங்கள்: மூக்குக்குழாய் போட்ட தேதி, யூரின் டியூப் போட்ட தேதி, இரண்டையும் எப்போது எங்கே மாற்றுவது, மறுபரிசோதனை நாள். போட்ட தேதி இல்லாவிட்டால் மாற்றும் நாளை யாராலும் கணக்குப் பண்ண முடியாது. கேஷ்லெஸ் என்றால், ஆஸ்பத்திரி இறுதி பில் அனுப்பிய 3 மணி நேரத்துக்குள் காப்பீட்டு நிறுவனம் பதில் தர வேண்டும் என்பது 2024 முதல் காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையமான ஐ.ஆர்.டி.ஏ.ஐ.யின் விதி. சனிக்கிழமை சாயங்காலம் கிளம்புவதை மட்டும் முடிந்தவரை தவிருங்கள். ஞாயிறன்று குழாய் அடைத்தால் மாற்ற ஆள் கிடைக்காமல் அலைய வேண்டிவரும்.

வீடு போய்ச் சேருமுன்பே உங்கள் ஆரம்ப சுகாதார நிலையத்தில் சம்மரியின் ஜெராக்ஸைக் கொடுத்து, 2021இல் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் பெயர் பதியச் சொல்லுங்கள். பிசியோதெரபிஸ்ட்டும் நோய்த்தணிப்பு நர்ஸும் வீட்டுக்கே வருவது அந்தத் திட்டத்தில் உண்டு. கை கால் அசைவு திரும்ப முதல் மூன்று மாதங்கள் மிக முக்கியம் என்பதால் பதிவை ஒரு வாரம்கூடத் தள்ளாதீர்கள்.

மறுபடி வாய் கோணினாலோ, கை கால் புதிதாகத் துவண்டாலோ, பேச்சு குழறினாலோ உடனே 108. கடைசியாக எத்தனை மணிக்கு அவர் நன்றாக இருந்தார் என்பதைக் குறித்துக்கொண்டு புறப்படுங்கள். ரத்தக்கட்டியைக் கரைக்கும் ஊசிக்கான நாலரை மணி நேரத்தை டாக்டர் அதிலிருந்துதான் கணக்கிடுவார். பழைய ஸ்கேனும் சம்மரியும் ஒரே பையில், கட்டிலின் தலைமாட்டில் தொங்கட்டும்.